பேட்டரி கசிந்து கீபோர்டு பாழாகிவிட்டது, கடைக்காரரிடம் நஷ்ட ஈடு கேட்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஒரு சூப்பர் மார்க்கெட்டில், அந்தக் கடையின் சொந்தப் பெயரே அச்சிட்ட ஏஏ அல்கலைன் பேட்டரி பாக்கெட் ஒன்று வாங்கி, மகள் வாசிக்கும் இசைக் கீபோர்டில் ஆறு போட்டிருக்கிறீர்கள். பரீட்சை நேரம் என்று கீபோர்டை அலமாரி மேல் ஏற்றி வைத்தாயிற்று. லீவு விட்டதும் எடுத்துப் பார்த்தால் ஆன் ஆகவில்லை. மூடியைத் திறந்தால் ஆறில் இரண்டு கசிந்து, ஸ்பிரிங் எல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கிறது. சர்வீஸ் சென்டரில், உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு மாற்ற 5,200 ரூபாய் எஸ்டிமேட். கடையில் கேட்டால், "நாங்க விக்கிறதோட சரி, பேட்டரிக்கெல்லாம் கியாரண்டி கிடையாது, பில்லுலயே போட்டிருக்கு" என்கிறார்கள்.

கேட்கலாம். உங்கள் விஷயத்தில் கடையைக் கேட்பதுதான் சரியான வழியும்கூட, ஏனென்றால் பாக்கெட்டில் இருப்பது அவர்களுடைய பெயர். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருப்பதும் பணம் கைக்கு வருவதும் வேறு வேறு. இந்த மாதிரிப் புகார்கள் பெரும்பாலும் சட்டப் பிரிவில் தோற்பதில்லை. இந்தப் பில்லில் வாங்கிய இந்த பேட்டரிதான் இந்தக் கருவியைக் கெடுத்தது என்று காட்ட முடியாமல் தோற்கின்றன. அதனால் சட்டத்துக்கு முன்னால் சாட்சியத்தைப் பேசிவிடுகிறேன்.

கசிந்த பேட்டரியைப் பார்த்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: முகம் சுளித்துக்கொண்டு பேட்டரிகளைக் குப்பையில் போடுவது, பழைய டூத் பிரஷ்ஷால் ஸ்பிரிங்கைத் தேய்ப்பது. அந்த நிமிடமே வழக்கில் பாதி போய்விட்டது. நீங்கள் இன்னும் பேட்டரிகளைத் தூக்கிப் போடவில்லை என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. இனிமேலும் போட வேண்டாம். இதுவரை படம் எடுக்கவில்லை என்றால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பேட்டரிகளை மறுபடியும் உள்ளே திணித்துப் படம் எடுக்காதீர்கள், இருக்கிற நிலையில் எடுத்தால் போதும். எதிர் வக்கீல் "செட்டப்" என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

படத்தில் என்ன தெரிய வேண்டும்? மூடி திறந்த அறை முழுவதும், கீபோர்டின் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் உள்ள ஸ்டிக்கர், ஒவ்வொரு பேட்டரியின் பெயர், அதன் மேல் அச்சிட்டிருக்கும் மாதம்-வருடம் அல்லது ஒரு குறியீட்டு எண். அந்தத் தேதி சில பேட்டரிகளில் லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும், சிலவற்றில் கீழ்த் தகட்டுக்குப் பக்கத்தில் வெறும் பள்ளமாக அடித்திருப்பார்கள், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். பாக்கெட் அட்டை இருந்தால் அது தங்கம். மிச்சம் பிரிக்காத பேட்டரிகள் அதே பாக்கெட்டில் இருந்தால் இன்னும் நல்லது, அவற்றைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாக்கெட்டைச் சேர்ந்தவை என்று காட்ட அவைதான் உதவும்.

கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். அல்கலைன் பேட்டரியில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய சமாசாரம். மகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். பேட்டரிகளைத் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, எந்தக் குழியில் எது இருந்தது என்று நினைவிருந்தால் அதையும் கவர் மேல் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அப்புறம் ஒரு வேலை இருக்கிறது, இதை யாரும் செய்வதில்லை. ஒரு மல்டிமீட்டர் வாங்கியோ, பக்கத்து எலெக்ட்ரீசியனிடம் கேட்டோ, ஆறு பேட்டரிகளின் வோல்டேஜையும் ஒவ்வொன்றாக அளந்து வீடியோ எடுங்கள். ஏன் என்றால், கடைக்காரர் தரப்பு கடைசியில் போய் நிற்கப்போகும் இடம் "இவர் தீர்ந்துபோன பேட்டரியை உள்ளேயே விட்டுவிட்டார்" என்பதுதான். கசியாத நான்கும் 1.4, 1.5 வோல்ட்டில் திடமாக இருந்து இரண்டு மட்டும் கசிந்திருந்தால், அந்த இரண்டில்தான் கோளாறு என்பது எந்த நிபுணரும் இல்லாமலே விளங்கும். எல்லாமே 0.6, 0.7 என்று சுரத்தில்லாமல் கிடந்தால் உங்கள் வாதம் கொஞ்சம் பலவீனம்தான், மறைக்க வேண்டாம், அதற்குத் தகுந்த மாதிரி எழுத வேண்டியிருக்கும்.

இதற்குப் பின்னால் இருக்கும் காரணம் தெரிந்தால் எதிர்த்தரப்பு பேசும்போது பதில் சொல்ல வசதியாக இருக்கும். அல்கலைன் பேட்டரிக்குள் இருக்கும் துத்தநாகம் மெல்ல மெல்ல வேதிமாற்றம் அடைந்து ஹைட்ரஜன் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கிறது. வாயு சேர்ந்தால் அழுத்தம். அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால் வெடிக்காமல் இருக்க, நெகடிவ் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் சீலில் வேண்டுமென்றே மெலிசான ஒரு இடம் வைத்திருப்பார்கள், அது கிழிந்து வாயு வெளியேறும், கூடவே திரவமும். அந்தத் திரவம் காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளை உப்பாகப் பூக்கிறது, அதுதான் நீங்கள் பார்த்தது, பொட்டாசியம் கார்பனேட். ஸ்பிரிங்கில் இருக்கும் பச்சை-நீலம் செம்புக் களிம்பு. இந்தத் திரவத்துக்கு ஊர்ந்து போகும் குணம் உண்டு: கம்பியின் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஏறி ஒரு சாண் தள்ளி இருக்கும் போர்டு வரைக்கும் போய்விடும், உறையை உரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்துப்போயிருக்கும். "ஸ்பிரிங்கைத் துடைத்தால் சரியாகிவிடும், போர்டு எப்படிப் போகும்?" என்று கடை மேனேஜர் கேட்டால் இதைச் சொல்லலாம்.

கசிவு வேகமாக நடப்பது மூன்று சந்தர்ப்பங்களில். ஒன்று, சீல் சரியில்லாத அல்லது உள்ளே அசுத்தம் கலந்த பேட்டரி, அதாவது உற்பத்திக் குறை. இரண்டு, காலாவதியானது, அல்லது வெயிலில், சூடான குடோனில் கிடந்தது. மூன்று, பயன்படுத்தியவர் செய்த தவறு: பழையதும் புதியதும் கலந்து போடுவது, சாதா பேட்டரியோடு அல்கலைனைச் சேர்ப்பது, காலியான பிறகும் உள்ளேயே விடுவது. ஆறு பேட்டரி வரிசையில் இருக்கும்போது அதில் ஒன்று முதலில் தீர்ந்துவிட்டால், மற்ற ஐந்தும் அதன் வழியாக மின்சாரத்தை வலுக்கட்டாயமாகத் தள்ளும், அதன் பிளஸ்-மைனஸ் தலைகீழாகிவிடும், அப்போது வாயு மளமளவென்று சேரும். சில கருவிகள் சுவிட்சை அணைத்த பிறகும் துளித்துளியாக மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும், அதுவும் ஒரு காரணம். முதல் இரண்டும் உங்களுக்குச் சாதகம், மூன்றாவது அவர்களுக்கு. உங்கள் புகார் முழுவதும் "நான் ஒரே பாக்கெட்டிலிருந்து ஆறையும் ஒரே நாளில் போட்டேன், காலாவதித் தேதி இன்னும் வரவில்லை" என்ற ஒரு வரியைச் சுற்றித்தான் நிற்க வேண்டும். அது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

சிவப்பு, நீலம் கலரில் மலிவாக விற்கும் சாதா பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் துத்தநாகக் குவளைதான் பேட்டரியின் உடம்பே. மின்சாரம் கொடுக்கக் கொடுக்க அந்த உடம்பு கரைந்து ஓட்டையாகும், கசிவது அமிலத்தன்மை உள்ள திரவம். அதனால் சாதா பேட்டரி கசிந்ததற்கு "உற்பத்திக் குறை" என்று வாதாடுவது அல்கலைனைவிடக் கடினம். சுத்தம் செய்யும் முறையும் நேர்மாறு: அல்கலைன் கசிவுக்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சு, சாதாவுக்கு சோடா மாவு கரைசல்.

சாட்சி வேண்டும் என்று பேட்டரிகளை மாதக்கணக்கில் கருவிக்குள்ளேயே விடுவதும் தப்பு. கண்டுபிடித்த பிறகும் சேதம் வளர விட்டால், நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் எதுவும் செய்யவில்லை என்று அந்தப் பங்கைக் கழித்துவிடுவார்கள். படம், வீடியோ, உடனே பேட்டரியை வெளியே எடுப்பது, சர்வீஸ் சென்டர், இந்த வரிசை போதும். கீபோர்டின் ஸ்குரூவை நீங்களே கழற்றாதீர்கள்.

சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அங்கே இருக்கும் பையன் பழக்க தோஷத்தில் "லிக்விட் டேமேஜ்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவான். அந்தச் சீட்டைப் பார்க்கிறவர் காபி கொட்டிவிட்டது என்றுதான் நினைப்பார். "பேட்டரி திரவம் கசிந்து மெயின் போர்டும் பேட்டரி இணைப்பும் அரித்துள்ளன, வேறு பழுது இல்லை" என்று எழுதித்தரச் சொல்லுங்கள், பெயர், கையெழுத்து, சீல், எஸ்டிமேட் தொகையோடு. கழற்றிய பழைய போர்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஆயிரம் சட்டப் பிரிவைவிட இந்த ஒரு தாள் உங்களுக்கு உதவும்.

சரி, இப்போது சட்டம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பழைய 1986 சட்டத்தில் இல்லாத ஒரு தனி அத்தியாயம் இதில் இருக்கிறது, 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகள். குறையுள்ள ஒரு பொருள் உங்களுடைய வேறு ஒரு உடைமைக்கோ உடம்புக்கோ தீங்கு செய்தால், அதைத் தயாரித்தவர், விற்றவர், சர்வீஸ் செய்தவர் ஆகியோரிடம் இழப்பீடு கேட்கும் உரிமையை அது தருகிறது. பேட்டரி கசிந்து கீபோர்டு போவது இதற்குப் பாடப் புத்தக உதாரணம் மாதிரி. ஒரு நுணுக்கம் மட்டும்: இந்த அத்தியாயத்தில் "தீங்கு" என்றால் அந்தப் பொருளுக்கே வந்த கேடு கணக்கில் வராது, அதாவது பேட்டரியின் விலையை இதன் கீழ் கேட்க முடியாது. அதைச் சாதாரணமாகக் "குறையுள்ள பொருள்" என்ற தலைப்பில் கேட்டுக்கொள்ளலாம். 39ஆம் பிரிவில் விலையைத் திருப்பித் தருவது, நஷ்ட ஈடு, செலவுத் தொகை எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது, ஒரே மனுவில் எல்லாவற்றையும் கேட்கலாம்.

"நாங்க விக்கிறதோட சரி" என்ற பதிலுக்கு வருகிறேன். இது முழுக்கப் பொய் இல்லை. வெறும் விற்பனையாளர் எப்போது பொறுப்பு என்று 86ஆம் பிரிவு சொல்கிறது: பொருளின் வடிவமைப்பிலோ பேக்கிங்கிலோ லேபிளிலோ அவருக்குக் கணிசமான பிடி இருந்தால், அதில் மாற்றம் செய்திருந்தால், தயாரிப்பாளர் சொல்லாத உத்தரவாதத்தை அவரே தனியாகக் கொடுத்திருந்தால், தயாரிப்பாளர் யாரென்றே தெரியாமலோ அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாமலோ இருந்தால், பொருளைப் பரிசோதிப்பதிலும் பராமரிப்பதிலும் நியாயமான கவனம் இல்லாமல் இருந்தால், தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை வாடிக்கையாளருக்குச் சேர்க்காமல் விட்டால். ஆக, தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சி, நாடறிந்த ஒரு கம்பெனியின் பேட்டரியை, காலாவதி ஆகாத சரக்கை, பிரிக்காத பாக்கெட்டில் விற்றிருந்தால் இந்த அத்தியாயத்தின் கீழ் அவரைப் பிடிப்பது சுலபமில்லை. பிடிக்கவும் வேண்டாம் என்பேன், அவர் என்ன செய்வார் பாவம். கம்பெனியைப் பிரதானமாக வைத்து அவரையும் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

உங்கள் கடை அப்படியில்லை. 2ஆம் பிரிவின் 36ஆவது உட்பிரிவில் "தயாரிப்பாளர்" யார் என்று சொல்லும்போது, வேறொருவர் செய்த பொருளின் மேல் தன் பெயரையோ அடையாளத்தையோ போட்டுக்கொள்பவரும் தயாரிப்பாளரே என்று சட்டம் சொல்கிறது. பேட்டரியை வேறு எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்திருக்கலாம், வெளிநாட்டிலிருந்து வந்திருக்கலாம், அது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். தன் பெயரைப் பெரிதாகப் போட்டு விற்ற கடை, கெட்டுப்போன பிறகு "கம்பெனியைக் கேளுங்கள்" என்று சொல்ல முடியாது. அந்தப் பாக்கெட்டைப் பொறுத்தவரை கம்பெனியே அதுதான். தயாரிப்பாளர் என்று ஆகிவிட்டால் 84ஆம் பிரிவு வரும்: உற்பத்தியில் குறை, வடிவமைப்பில் குறை, போதுமான பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ இல்லாமை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே பொறுப்பு. பாக்கெட் அட்டையில் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். "நீண்ட நாள் பயன்படுத்தாவிட்டால் பேட்டரியை எடுத்துவிடவும்" என்ற வரி இல்லாவிட்டால் அதையும் மனுவில் ஒரு காரணமாகச் சேர்த்துவிடலாம்.

இருந்தால்? அவர்கள் 87ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர் மேல் பொறுப்பு இல்லை, எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தைப் பற்றி எச்சரிக்கவில்லை என்று தயாரிப்பாளரைக் குற்றம் சொல்லவும் முடியாது என்று அதில் இருக்கிறது. கீபோர்டின் மேனுவலிலும் பேட்டரியை எடுத்துவிடச் சொல்லும் வரி பெரும்பாலும் இருக்கும், அதையும் ஜெராக்ஸ் எடுத்து வைப்பார்கள். என் பார்வையில் உங்கள் வழக்கில் உண்மையான சண்டை இங்கேதான். பரீட்சைக்காக இரண்டு மூன்று மாதம் எடுத்து வைப்பது ஒரு வீட்டில் சாதாரணமாக நடப்பது. பல வருடம் தாங்கும் என்று தேதி போட்டு விற்ற அல்கலைன் பேட்டரி அதற்குள் கசிந்தால் அதைத் தவறான பயன்பாடு என்று சொல்வது எடுபடுவது கஷ்டம். இதுவே ஒன்றரை வருடம் பரணில் கிடந்த கீபோர்டாக இருந்தால் நான் உங்களுக்கு வேறு மாதிரிப் பதில் எழுதியிருப்பேன். அதனால்தான் வோல்டேஜ் அளவு முக்கியம் என்று மேலே அவ்வளவு நீட்டினேன்.

இன்னொரு பழைய சட்டமும் கைகொடுக்கும், 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அந்தப் பொருளை வழக்கமாக விற்கும் ஒருவரிடம் வாங்கினால், விற்கத் தகுந்த தரத்தில் அது இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே உள்ள நிபந்தனை என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. இதில் கடைக்காரரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டியதில்லை, கம்பெனி பேட்டரி விற்ற கடைக்கும் இது பொருந்தும். 2019 சட்டத்தின் 100ஆம் பிரிவு, மற்ற சட்டங்களில் உள்ள உரிமையோடு கூடுதலாகத்தான் இது, அவற்றைக் குறைப்பதற்கில்லை என்று சொல்வதால் இரண்டையும் சேர்த்தே எழுதலாம்.

பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நிறம் பிடிக்கவில்லை என்று வருபவரைத் திருப்பி அனுப்ப அது உதவும். குறையுள்ள பொருளால் வந்த நஷ்டத்தை ஒரு கடை தன் பில்லில் அடித்த ஒரு வரியால் தட்டிக்கழிக்க முடியாது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிச் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று அந்த 2019 சட்டமே சொல்கிறது. பில் என்றதும் நினைவுக்கு வருகிறது: அந்தத் தெர்மல் தாள் ஆறு மாதத்தில் வெளுத்து வெற்றுக் காகிதமாகிவிடும், இன்றே போட்டோ எடுங்கள். தொலைந்திருந்தால் யூபிஐ பதிவு, கார்டு ஸ்டேட்மென்ட், கடையில் உங்கள் போன் நம்பரைச் சொல்லிப் பாயின்ட் ஏற்றியிருந்தால் அந்தப் பதிவு, இவற்றை வைத்து மறுபிரதி கேளுங்கள். பில்லே கொடுக்காத கடை என்றால் அதுவே தனியாக ஒரு குற்றச்சாட்டு.

எவ்வளவு கேட்பது? ரிப்பேர் எஸ்டிமேட் 5,200, பேட்டரி விலை, போக்குவரத்து, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. ரிப்பேர் செய்ய முடியாது என்று சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்தால் கீபோர்டின் மதிப்பைக் கேட்கலாம், ஆனால் புதுசின் விலையை அல்ல. இரண்டு வருடம் ஓடிய கருவிக்கு இன்று என்ன விலை கிடைக்கும் என்பதுதான் கணக்கு. ஐந்து லட்சம் மன உளைச்சல் என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது படிக்கிறவருக்கு எரிச்சலைத்தான் தரும், நியாயமாக வரவேண்டியதும் அதோடு சேர்ந்து சுருங்கும். மகளின் வகுப்பு தடைபட்டு வாடகைக்குக் கீபோர்டு எடுத்திருந்தால் அந்த ரசீதைச் சேருங்கள், அது கண்ணுக்குத் தெரியும் நஷ்டம்.

இதையே இசை வகுப்பு நடத்துகிறவர் கேட்டிருந்தால் ஒரு சிக்கல் வரும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது, அதை மனுவின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

செய்முறைக்கு வருவோம். கவுன்டரில் நின்று சத்தம் போடுவதால் ஒன்றும் ஆகாது, அந்தக் கேஷியர் பெண்ணுக்கு இதில் எந்த அதிகாரமும் இல்லை. பாக்கெட்டிலேயே வாடிக்கையாளர் சேவை முகவரியும் மின்னஞ்சலும் அச்சிட்டிருக்க வேண்டும், பொட்டலப் பொருள்களுக்கான விதிப்படி அது கட்டாயம். அந்த முகவரிக்கும் கடையின் தலைமை அலுவலகத்துக்கும் மின்னஞ்சலும், கூடவே ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதமும் அனுப்புங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"இந்தத் தேதியில் இந்தப் பில் எண்ணில் உங்கள் பெயர் கொண்ட அல்கலைன் பேட்டரிகளை வாங்கினேன். ஒரே பாக்கெட்டிலிருந்து ஆறையும் ஒரே நேரத்தில் என் கீபோர்டில் பொருத்தினேன். காலாவதித் தேதிக்கு முன்பே இரண்டு கசிந்து கீபோர்டின் போர்டு பழுதாகிவிட்டது. சர்வீஸ் சென்டர் அறிக்கையும் படங்களும் இணைத்துள்ளேன். பழுது செலவு 5,200 ரூபாயையும் பேட்டரியின் விலையையும் 15 நாளுக்குள் தர வேண்டும். பேட்டரிகள் என்னிடம் பத்திரமாக உள்ளன, உங்கள் ஆள் வந்து என் முன்னிலையில் பார்க்கலாம். பதில் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

"அனுப்பி வையுங்கள், எங்கள் ஆய்வகத்தில் பார்க்கிறோம்" என்று கேட்பார்கள். ஆறையும் அனுப்பிவிடாதீர்கள். கசிந்த இரண்டில் ஒன்றை மட்டும், படம் எடுத்து, ரசீது பெற்றுக்கொண்டு கொடுங்கள். போன பேட்டரி திரும்பி வராது. வெளிநாட்டில் சில பெரிய பேட்டரி கம்பெனிகள், எங்கள் பேட்டரி கசிந்து கருவி கெட்டால் ரிப்பேர் செய்து தருவோம் அல்லது மாற்றித் தருவோம் என்று உத்தரவாதம் கொடுக்கின்றன, அங்கே கருவியையும் பேட்டரியையும் சேர்த்து அனுப்பச் சொல்வது வழக்கம். இங்கே உங்கள் பாக்கெட்டில் அப்படி ஏதாவது எழுதியிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது, அந்த வாசகத்தைக் கடிதத்தில் அப்படியே எடுத்துப் போடுங்கள்.

கடிதத்துக்குப் பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அவர்களுக்குத் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் கிடையாது, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். ஆனால் பெரிய கடைகளில் இதற்கென்று ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், கவுன்டரில் நகராத கோப்பு அங்கே நகரும். இந்தத் தொகைக்கெல்லாம் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிட வாய்ப்பு அதிகம். ஆன்லைனில் வாங்கியவர்கள் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்தது என்று ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி.

அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கடையின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் கவலையில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, உங்கள் பேட்டரி பாக்கெட் சில நூறு ரூபாய்தான். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. நஷ்டம் ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் எதிர்த்தரப்பு பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020இல் சொல்லிவிட்டது. ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும், வாய்தா மேல் வாய்தா வரும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சோதனைக்கு அனுப்பச் சொன்னால் அதன் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும், அது கீபோர்டு ரிப்பேரைவிட அதிகமாகப் போகலாம். அதனால்தான் சர்வீஸ் இன்ஜினியரின் கையெழுத்துப் போட்ட அறிக்கையும், முடிந்தால் அவருடைய பிரமாணப் பத்திரமும் வாங்கி வைக்கச் சொல்கிறேன். தீர்ப்பை எதிர்த்து அவர்கள் மாநில ஆணையம் போக வேண்டுமென்றால் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். சில ஆயிரத்துக்கு எந்தக் கடையும் அந்த வேலைக்குப் போக யோசிக்கும்.

இவ்வளவு பாடு தேவையா என்றால், 400 ரூபாய் சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் தேவையில்லை, ஒரு மின்னஞ்சலோடு விட்டுவிடலாம். ஆயிரங்களில் விலை போகும் கேமரா ஃபிளாஷ், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கீபோர்டு என்றால் கடிதமும் 1915ம் நிச்சயம் போடலாம், உங்கள் ஆவணங்கள் சரியாக இருந்தால் ஆணையம் வரை போவதிலும் தயங்க வேண்டாம்.

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு கடையிலிருந்து போன் வரும், பேச்சு இனிமையாக இருக்கும், 2,000 ரூபாய்க்கு கிஃப்ட் வவுச்சர் தருகிறோம் என்பார்கள். அதே கடையில் மறுபடி செலவழிக்கத்தான் வவுச்சர், உங்களுக்குத் தேவை பணம். தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், 5,200க்கு 4,500 என்றால் நான் வாங்கிக்கொண்டு முடித்துவிடுவேன். ஆனால் "இதோடு எல்லாக் கோரிக்கையும் முடிந்தது" என்ற தாளில் கையெழுத்தை, பணம் வங்கிக் கணக்கில் ஏறியது என்ற எஸ்எம்எஸ் வந்த பிறகு போடுங்கள். ஜிப் கவரில் இருக்கும் பேட்டரிகளையும் அதுவரைக்கும் வைத்திருந்து, அதன் பின் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.